நம்ம பக்கத்து நாவல்கள் வாசிப்புச் சவால்: இதுவரை படித்ததில் எது நின்றது, எது நிற்கவில்லை?

கெடிலக்கரை:

ஜனவரியில் ஆரம்பித்த சவால் பாதி வருஷத்தைத் தாண்டிவிட்டது. புதிதாக வந்தவர்களுக்கு விதியை ஒரு முறை சொல்லிவிடுகிறேன். மாதம் ஒரு நாவல். கதை கடலூர், புதுச்சேரி, பண்ருட்டி, நெய்வேலி, விருத்தாசலம் என்று நம்ம பக்கத்தில் நடக்க வேண்டும். இல்லையென்றால் எழுதியவர் இந்தப் பக்கத்தில் பிறந்தவராகவோ வாழ்ந்தவராகவோ இருக்க வேண்டும். சிறுகதை கணக்கில் வராது. அதனால் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தனே வாசலுக்கு வெளியே நிற்கிறார், என்ன செய்வது.

நான் முடித்தவை: பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', 'வானம் வசப்படும்', ஜெயகாந்தனின் 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்', தங்கர் பச்சானின் 'ஒன்பது ரூபாய் நோட்டு', கண்மணி குணசேகரனின் 'அஞ்சலை', இமையத்தின் 'செல்லாத பணம்'.

வெளிப்படையாகச் சொல்கிறேன். நம்ம ஊர் பெயர் வருகிறது என்பதற்காகவே நாம் நாவல்களுக்குச் சலுகை காட்டுகிறோம். தெரிந்த தெரு ஒன்று வந்துவிட்டால் பத்துப் பக்கம் மோசமாக இருந்தாலும் மன்னித்துவிடுகிறோம். எனக்கு 'வானம் வசப்படும்' அப்படித்தான் தோன்றியது. 1995-ல் சாகித்திய அகாதெமி விருது வாங்கிய நாவல், நம்ம பக்கத்தின் பெருமை, எல்லாம் சரி. ஆனால் பிரெஞ்சுக்காரர்களுக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளையிடம் யாராவது ஒருவர் வந்து சேதி சொல்கிறார், பிள்ளை கேட்கிறார், தாம்பூலம் போடுகிறார், அடுத்த ஆள் அடுத்த சேதியோடு வருகிறார். போர் எங்கேயோ நடக்கிறது. சென்னைப்பட்டணத்தைப் பிடிப்பதும் அதை வைத்து பிரெஞ்சுக் கடற்படைத் தளபதி லபூர்தொன்னேயும் புதுச்சேரி கவர்னர் துய்ப்ளெக்ஸும் முட்டிக்கொள்வதும் காதில் விழுகிறதே தவிர, கண்ணில் விழவில்லை.

கடலூர்க்காரன் என்ற முறையில் ஒரு தனி வருத்தமும் உண்டு. 1746-ல் சென்னை கைவிட்டுப் போன பிறகு சோழமண்டலக் கரையில் ஆங்கிலேயருக்குத் தலைமையிடமே நம்ம தேவனாம்பட்டினத்துக் கோட்டைதான். நாவல் புதுச்சேரியில் உட்கார்ந்துகொண்டு பார்ப்பதால் நாமெல்லாம் எதிர்முகாம்! நம்ம பக்கத்துக் கதையை எதிராளி வீட்டுத் திண்ணையில் இருந்து கேட்கிற மாதிரி ஆகிவிட்டது.

அதே நேரத்தில் 'அஞ்சலை'யைப் படித்தபோது சலுகை எதுவும் தேவைப்படவில்லை. மற்றவர்கள் சொல்லுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: முடிவை யாரும் உடைக்காதீர்கள்.


முத்தியால்பேட்டை வாசகி:

தம்பி, நீங்கள் குறை என்று சொன்னதுதான் அந்த நாவலின் உயிர். துபாஷியின் தொழிலே சேதிதான். எந்தக் கப்பலில் என்ன வந்தது, கவர்னர் காலையில் யாரைப் பார்த்து முகம் சுளித்தார், ஆற்காட்டில் யார் கை ஓங்குகிறது என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பவன்தான் அந்த நாற்காலியில் உட்கார முடியும். ஆட்கள் வந்து சேதி சொல்லிப் போவது கதை ஓடாமல் நிற்பதல்ல, அந்த மனிதர் பிழைத்த விதமே அது.

நாவலுக்கு மூலமான பிள்ளையின் நாட்குறிப்பைக் கொஞ்சம் புரட்டிப் பாருங்கள். பிள்ளை 1736 செப்டம்பரில் எழுதத் தொடங்கி 1761-ல் இறக்கும் வரை எழுதியிருக்கிறார். 1846-ல் கலுவா மொம்பிரேன் என்ற பிரெஞ்சு அதிகாரி கண்ணில் படும்வரை அது வீட்டோடு கிடந்தது. அப்புறம் ஆங்கிலத்தில் மட்டும் 12 தொகுதி. அதில் நாள், கிழமை, நாழிகை உண்டு. எத்தனை பீரங்கி போட்டார்கள் என்பது உண்டு. துணி விலை உண்டு. யார் யாருக்கு என்ன வெகுமானம் கொடுத்தார் என்பது உண்டு. கதை கிடையாது. பிரபஞ்சன் அந்தக் கணக்குப் புத்தகத்துக்குள் போய் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

கனகராய முதலியார் 1746-ல் இறந்த பிறகு தலைமைத் துபாஷி வேலை யாருக்கு என்ற இழுபறி இருக்கிறதே, அதை நான் இரண்டு முறை படித்தேன். துய்ப்ளெக்ஸின் மனைவி கிறிஸ்தவர் ஒருவருக்குத்தான் தர வேண்டும் என்று நிற்கிறாள். பிள்ளைக்கு ஆசை இருக்கிறது, ஆனால் ஆசைப்படுவது வெளியே தெரியக்கூடாது. ஊருக்குப் பெரிய மனிதர், துரைக்கு முன்னால் கைகட்டி நிற்பவர். இந்த இரட்டை வாழ்க்கையை வைத்துப் பார்த்தால் 1748-ல் வேதபுரீசுவரர் கோயிலை இடிக்கிற இடம் இன்னும் கனமாகிவிடுகிறது. ஊரே வந்து முறையிடுகிறது. பிள்ளையால் அதைத் தடுக்க முடியவில்லை. போரை நேரில் காட்டவில்லை என்கிறீர்கள். இதைவிட நேராக என்ன காட்ட வேண்டும்?

உங்களிடம் ஒரு விஷயத்தில் மட்டும் உடன்படுகிறேன். 'மானுடம் வெல்லும்' படிக்காமல் நேரே இதற்குள் நுழைந்தால் பெயர்களிலேயே மூச்சு முட்டும். முதல் நாவல் கவர்னர் துய்மா காலம். அதில் சாதாரண ஜனங்களுக்கும் தாசிகளுக்கும் இடம் தாராளம். எனக்கென்னவோ மனசுக்கு நெருக்கம் அதுதான்.


முதுநகர் பாய்:

அக்கா சொன்னதற்கு வழிமொழிகிறேன். ஆனாலும் தேவனாம்பட்டினக் கோட்டைக்கு ஒரு நாவல் வர வேண்டும் என்ற கெடிலக்கரையின் வயிற்றெரிச்சல் நியாயமானது.


புதுவாசகன்:

வணக்கம். நான் கல்லூரியில் இரண்டாம் வருஷம். பாடப்புத்தகம் தவிர்த்து தமிழில் நாவல் படிப்பது இதுதான் முதல் தடவை. 'ஒரு மனிதன் ஒரு வீடு ஒரு உலகம்' எடுத்தேன், கடலூர் – புதுச்சேரி பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் படித்து முடித்தேன். கன்னியக்கோயில் தாண்டியதும் கூட்டம் ஏறி யாராவது இடித்தாலும் தெரியவில்லை, அப்படி இழுத்துக்கொண்டது.

ஹென்றி மாதிரி ஒருவனை நான் பார்த்ததில்லை. பெயரைப் பார்த்து மதம் கேட்கிறார்கள், அவனுக்கு அது ஒரு பெரிய கேள்வியாகவே படவில்லை. அப்பா விட்டுப்போன, இடிந்து கிடக்கும் வீட்டைத் தேடி வந்து அதைச் சரி செய்கிறான். சொத்து என்றதும் அப்பாவின் தம்பி துரைக்கண்ணு தகராறு செய்வார் என்று நான் காத்துக்கொண்டிருந்தேன், அவர் மனசாரக் கொடுக்கிறார். எங்கள் வீட்டில் ஒரு சென்ட் நிலத்துக்கு நடப்பதை நினைத்துச் சிரிப்பு வந்தது.

என் கேள்வி இதுதான். படிக்கும்போது சந்தோஷமாக இருந்தது, முடித்த பிறகு "இப்படியெல்லாம் ஒரு ஊர் இருக்குமா?" என்று வந்துவிட்டது. நான் தப்பாகப் படிக்கிறேனா?


விருத்தாசலம் பாசஞ்சர்:

தப்பே இல்லை தம்பி. எனக்கும் அதே சந்தேகம்தான், இருபது வயசில் இல்லை, இப்போது மறுபடி படித்தபோது வந்தது. ஹென்றி வந்து சேரும் கிருஷ்ணராஜபுரத்தில் சாதி இருக்கிறது, ஆனால் அது யாரையும் கடிப்பதில்லை. பஞ்சாயத்து நடக்கிறது, கடைசியில் எல்லோரும் பெருந்தன்மையாகக் கலைந்து போகிறார்கள். ஜெயகாந்தன் பெரிய கை, மறுக்கவில்லை. ஆனால் இது அவர் விரும்பிய ஊர், அவர் பார்த்த ஊர் இல்லை.


முதுநகர் பாய்:

பாசஞ்சர் அண்ணே, இங்கே நான் குறுக்கே நிற்கிறேன்.

மஞ்சக்குப்பத்தில் பிறந்து, படிப்பைச் சின்ன வயசிலேயே விட்டுவிட்டு, சென்னைக்குப் போய்க் கம்யூனிஸ்ட் கட்சி அலுவலகத்தில் வளர்ந்த ஆள் அவர். பிளாட்பாரத்து வாழ்க்கையையும் குடிசையையும் சிறுகதைகளில் எழுதிக் குவித்தவருக்கு ஊர் எப்படி இருக்கும் என்று தெரியாதா? தெரிந்துகொண்டேதான் ஹென்றியை அங்கே அனுப்புகிறார். இப்படி ஒருவன் வந்து எதுவும் கேட்காமல், எதையும் மறைக்காமல் நின்றால் சுற்றி இருப்பவர்கள் என்ன ஆவார்கள் என்று பார்க்கிற நாவல் அது. துரைக்கண்ணு நல்லவராகவே பிறக்கவில்லை. முரட்டு லாரிக்கார மனுஷன். ஹென்றி எதிரே வந்து நிற்கும்போதுதான் அவருக்குள்ளே இருக்கும் அந்தப் பக்கம் வெளியே வருகிறது.

நான் மளிகைக் கடை வைத்திருக்கிறேன். கடன் கேட்டு வருகிறவனை முதல் பார்வையிலேயே சந்தேகப்பட்டால் அவன் அதற்கேற்ப நடந்துகொள்வான். நம்பினால் பாதிப் பேர் திருப்பித் தருவார்கள். மீதிப் பாதியைப் பற்றி ஜெயகாந்தன் எழுதவில்லை, அவ்வளவுதான்.


விருத்தாசலம் பாசஞ்சர்:

பாய், மீதிப் பாதியைத்தான் கண்மணி குணசேகரன் எழுதியிருக்கிறார்! 

சரி, என் முறை. இந்த வருஷம் அவருடைய நாவல்களை வரிசையாக எடுத்தேன். 'அஞ்சலை' மறுவாசிப்பு, 'நெடுஞ்சாலை', 'வந்தாரங்குடி'.

'அஞ்சலை'யில் பெண் பார்க்கும் இடத்திலேயே கழுத்தை அறுத்துவிடுகிறார்கள். மாப்பிள்ளை என்று காட்டியது ஒருத்தனை, தாலி கட்டியது வேறொருத்தன். அந்த ஏமாற்றத்தை வைத்து வேறு யாராவது எழுதியிருந்தால் ஒரு பெரிய அழுகைக் காட்சி வைத்து முடித்திருப்பார்கள். இங்கே அவள் மறுநாள் காலையில் வேலைக்குப் போகிறாள். களை வெட்டுகிறாள், முந்திரிக்கொட்டை பொறுக்குகிறாள், சண்டை போடுகிறாள், சிரிக்கவும் செய்கிறாள். ஊர்வாய் அவளை விடுவதே இல்லை. கிணற்றடியில், கொல்லையில், எங்கே இரண்டு பேர் நின்றாலும் அவள் பேச்சுதான். படிக்கிறவனுக்கே காது கூசும். அவளும் அப்படி ஒன்றும் சாது இல்லை. வாய் அதிகம், கோபம் அதிகம், சில முடிவுகளை அவசரமாக எடுக்கிறாள். அவளைத் தெய்வமாக்காமல் விட்டாரே, அதற்கே ஒரு கும்பிடு.

'நெடுஞ்சாலை' வேறு மாதிரி. போக்குவரத்துக் கழகத்தில் தற்காலிக வேலை பார்க்கும் டிரைவர், கண்டக்டர், டெக்னீசியன் மூவரின் கதை. இன்றைக்கு டூட்டி கிடைக்குமா, எப்போது நிரந்தரம் ஆக்குவார்கள் என்று டெப்போ வாசலில் தேவுடு காத்துக் கிடக்கிற வாழ்க்கை. எழுதியவரே டெப்போவில் ஸ்பானர் பிடித்தவர் என்பதால் பஸ்ஸுக்கு அடியில் படுத்திருப்பவனின் கோணம் அப்படியே வருகிறது. நம்ம ரோட்டில் நடுவழியில் பஸ் நின்றால் இறங்கித் திட்டுகிறோமே, அந்தப் பழக்கம் எனக்குக் கொஞ்சம் குறைந்திருக்கிறது.

'வந்தாரங்குடி' பற்றிப் பேசத்தான் ஆளே இல்லை. 1956-ல் நெய்வேலி நிறுவனம் வந்தது, மின்சாரம் வந்தது, டவுன்ஷிப் வந்தது என்று ஒரு பக்கம்தான் நமக்குத் தெரியும். நிலத்தைக் கொடுத்துவிட்டு மூட்டை முடிச்சோடு வேறு ஊருக்குப் போய்க் குடியேறியவர்கள் என்ன ஆனார்கள் என்பது மறுபக்கம். நாவல் பெரிது, நடுவில் தொய்வு உண்டு, ஒரே வாதத்தை நாலு பேர் வாயில் வைத்துச் சொல்ல வைக்கிறார். நூறு பக்கம் குறைத்திருக்கலாம். ஆனாலும் நிலம் இன்றைக்கும் போய்க்கொண்டிருக்கிற ஊர்களில் இருப்பவர்களுக்கு இது பழைய கதை இல்லை.


கெடிலக்கரை:

'ஒன்பது ரூபாய் நோட்டு' பற்றி யாரும் வாயைத் திறக்கவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். மாதவர் படையாட்சி முந்திரித் தோப்பிலும் பலா மரத்தடியிலும் இருக்கும் வரை அருமை. வீட்டை விட்டு வெளியேறிய பிறகு கண்ணீரை வாளியில் ஊற்றுகிறார்கள். ஆனால் ஒன்று, 2011 டிசம்பர் 30-ல் வந்த 'தானே' புயலில் பண்ருட்டிப் பக்கம் மரங்கள் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்த முதல் பகுதியை வறண்ட கண்ணோடு படிக்க முடியாது. புயலுக்குப் பல வருஷம் முன்னாலேயே எழுதிய நாவல். அது பாட்டுக்கு ஒரு ஆவணம் ஆகிவிட்டது.

இதைத்தான் நான் சலுகை என்றேன். பாருங்கள், நானே காட்டுகிறேன்.


இரவுப்பணி:

எல்லாப் பதிவையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். நான் செவிலியர். தீக்காயப் பிரிவில் சில காலம் வேலை பார்த்திருக்கிறேன், எந்த மருத்துவமனை என்பது வேண்டாம். 'செல்லாத பணம்' நாவலை எடுக்கவே பயந்தேன். எடுத்த பிறகு மூன்று இரவுப் பணிக்கு அடுத்து வந்த பகல்களில் தூங்காமல் முடித்தேன்.

தெரியாதவர்களுக்கு: ரேவதி இன்ஜினியரிங் படித்தவள், வசதியான தலைமையாசிரியர் வீட்டுப் பெண். பர்மாவிலிருந்து திரும்பியவர்களின் குடியிருப்பைச் சேர்ந்த ஆட்டோ டிரைவர் ரவியைப் பிடிவாதமாகக் கல்யாணம் செய்துகொள்கிறாள். அப்புறம் உடம்பு முழுக்க எரிந்துபோய் புதுச்சேரி ஜிப்மருக்கு வருகிறாள். நாவலின் பெரும்பகுதி அந்தப் பிரிவின் வாசலில்தான்.

கெடிலக்கரை அண்ணன் முன்னொரு பதிவில், "எல்லோரும் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசுகிறார்கள்" என்று எழுதியிருந்தார். உண்மைதான், அப்படித்தான் பேசுவார்கள். வாசலில் இருப்பவர்களுக்கு வேறு வேலை இல்லை. அன்றைக்கே கட்டிக்கொடுத்திருக்கலாமே, அன்றைக்கே கூட்டிவந்திருக்கலாமே என்று ஒரே வாக்கியத்தைப் பத்து விதமாகப் புரட்டிக்கொண்டிருப்பார்கள். எங்களிடம் கேட்கும் கேள்வியும் ஒன்றுதான், உடம்பில் எத்தனை பர்சென்ட் எரிந்திருக்கிறது? பக்கத்து நோயாளி எத்தனை பர்சென்ட் என்றும் கேட்பார்கள். அது குறைவாக இருந்தால் பொறாமை, அதிகமாக இருந்தால் ஒரு ஆறுதல். அந்த ஆறுதலுக்காக அப்புறம் கூச்சம். இந்த மூன்றும் நாவலில் மற்ற குடும்பங்களோடு பேசும் இடங்களில் வந்துவிடுகிறது.

வெளி ஆட்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். காயம் ரொம்ப ஆழமாகப் போனால் நரம்பு முனைகளும் எரிந்துவிடும், அந்த இடத்தில் வலி குறைவாகவே இருக்கும். அதனால் முதல் நாள் நோயாளி தெளிவாகப் பேசுவார், தண்ணீர் கேட்பார், பிள்ளைகளைக் கேட்பார். வீட்டார் பிழைத்துவிடுவாள் என்று நம்பிவிடுவார்கள். உடம்பின் நீர்ச்சத்து வடிவதும் கிருமி தொற்றுவதும் அப்புறம்தான் ஆளைச் சாய்க்கும். நாங்கள் அதைத் தெரிந்துகொண்டே அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும். மாஜிஸ்திரேட் வந்து வாக்குமூலம் எடுக்கும்போது நோயாளி சுயநினைவோடு இருக்கிறார் என்று டாக்டர் எழுதித்தர வேண்டும். அந்த அரை மணி நேரம் வாசலில் இருக்கும் இரண்டு குடும்பமும் எப்படி நிற்கும் என்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இமையம் இதைத் துப்பறியும் கதையாக ஆக்கவில்லை. யார் கொளுத்தியது என்று கண்டுபிடித்துத் தண்டனை கொடுத்துவிட்டால் நமக்கு நிம்மதி வந்துவிடும், புத்தகத்தை மூடிவிடலாம். அந்த நிம்மதியை அவர் தரவில்லை. ரவிக்கும் பேச இடம் கொடுக்கிறார். அதில் பல பேருக்குக் கோபம். எனக்கும் கோபம் வந்தது. ஆனால் அவன் பேசுவதைக் கேட்ட பிறகு ரேவதியின் அப்பா நடேசன் வீட்டுக் கௌரவத்தின் மேலும் கோபம் வந்தது.

ஒரே குறை: அந்தப் பிரிவுக்குள் வேலை செய்யும் ஆட்களின் களைப்பு நாவலில் போதாது. இது தொழில் பாசம், விட்டுவிடுங்கள்.


முத்தியால்பேட்டை வாசகி:

இரவுப்பணி, உங்கள் பதிவை என் மருமகளிடமும் படித்துக் காட்டினேன். வேறென்ன சொல்ல என்று தெரியவில்லை. முதலில் தூங்குங்கள்.


கெடிலக்கரை:

எனக்கு இன்னும் அந்த நாவல் ஐம்பது பக்கம் நீளம்தான். பேச்சு அப்படித்தான் இருக்கும் என்பது வேறு, நாவலில் அத்தனையும் வேண்டுமா என்பது வேறு. ரேவதியின் அம்மா அமராவதி புலம்பும் இடங்களில் நான் பக்கம் தாண்டினேன். ஆனால் இரவுப்பணி சொன்ன பர்சென்ட் விஷயத்தைக் கேட்ட பிறகு, வாசலில் மற்ற குடும்பங்களோடு பேசும் பகுதிகளை மட்டும் திரும்ப எடுத்துப் படித்தேன். அவற்றை வெட்ட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். புலம்பலை வெட்டலாம்.


இரவுப்பணி:

பெற்ற அம்மாவின் புலம்பலை வெட்டச் சொல்கிற முதல் ஆள் நீங்கள்தான் அண்ணே. வார்டு வாசலில் அந்த வசதி கிடையாது.


லாஸ்பேட்டை ஓய்வூதியர்:

தாமதமாக வருகிறேன். இந்த மாதம் நான் 'கோபல்ல கிராமம்' படித்தேன். உடனே விதியைத் தூக்கிக்கொண்டு வருவீர்கள் என்று தெரியும். அதை எழுதிய கி.ரா. (கி. ராஜநாராயணன்) 1989-ல் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்துக்கு வந்தவர், 2021 மே 17-ல் எங்கள் லாஸ்பேட்டையில்தான் கண்ணை மூடினார். முப்பது வருஷத்துக்கு மேல் இங்கே குடியிருந்தவரை வெளியூர்க்காரர் என்று சொல்ல எவருக்கும் மனசு வராது.

நாவலைப் பற்றி: மங்கத்தாயாரு அம்மாள் கதை சொல்ல ஆரம்பித்தால் நமக்கு வயசு போய்விடுகிறது. சென்னா தேவியின் அழகு ஒரு குடும்பத்தையே ஊரை விட்டுத் துரத்துகிறது. ஆந்திரத்திலிருந்து காடு மேடெல்லாம் கடந்து வந்து, கரிசல் மண்ணைத் திருத்தி ஊராக்குகிறார்கள். நாவலுக்குக் கதாநாயகன் என்று தனியாக ஒருவன் இல்லை. ஊரே ஆள். கம்மலுக்காக ஒரு பெண்ணைக் கொன்றவனின் கால் விரலை அவள் சாகும்போதும் விடவில்லையே, அந்த இடம் படித்துவிட்டு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்திருக்கவில்லை.


விருத்தாசலம் பாசஞ்சர்:

ஐயா, கி.ரா. மேல் மரியாதை நிறைய உண்டு. ஆனால் 'கோபல்ல கிராமம்' 1976-ல் சொந்த ஊரான இடைசெவலில் இருந்துகொண்டு எழுதியது. கதையும் கரிசல் காடு. இதைச் சேர்த்தால் நாளைக்கு யாராவது புதுச்சேரிக்கு ஒரு வாரம் சுற்றுலா வந்த எழுத்தாளர் பெயரோடு வருவார்கள். புதுச்சேரியில் இருக்கும்போது வந்த 'அந்தமான் நாயக்கர்' வேண்டுமானால் கணக்கில் எடுக்கலாம்.


லாஸ்பேட்டை ஓய்வூதியர்:

முப்பது வருஷமும் ஒரு வாரமும் ஒன்றா?


கெடிலக்கரை:

விதியில் "வாழ்ந்தவர்" என்று இருக்கிறது. எப்போது எழுதினார் என்று இல்லை. ஐயாவின் நாவல் செல்லும். பாசஞ்சர் அண்ணனுக்கு ஒரு பதிலடி: அந்தக் கணக்குப்படி திருவாரூர்ப் பக்கத்தில் பிறந்து விருத்தாசலத்தில் வாழும் சு. தமிழ்ச்செல்வியையும் விட வேண்டிவரும், சம்மதமா?


விருத்தாசலம் பாசஞ்சர்:

ஐயோ, வேண்டாம். கி.ரா. உள்ளே வரட்டும். 'அளம்' நான் அடுத்து எடுக்க வைத்திருக்கிறேன். உப்பளத்துக்குப் போகும் சுந்தராம்பாளும் மூன்று பெண்களும் என்று என் தங்கை பாதிக் கதையைச் சொல்லிவிட்டாள். புருஷன் கப்பலேறிப் போய்விட, நாலு பெண்கள் தனியாக ஒரு வீட்டைத் தூக்கி நிறுத்துகிற கதையாம்.


புதுவாசகன்:

எனக்கும் விதியில் ஒரு சந்தேகம். பாரதியார் 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் இருந்தார். அவருடைய 'சந்திரிகையின் கதை' முடியாமல் நின்றுபோன நாவல். சின்னதாகவும் இருக்கிறது. அதைப் படித்தால் ஒரு முழு நாவலாகக் கணக்கு வருமா, பாதியா?


முதுநகர் பாய்:

சின்னது என்பதால்தானே கேட்கிறாய் தம்பி. நடத்து நடத்து.


முத்தியால்பேட்டை வாசகி:

முழுசாகவே கொடுத்துவிடுங்கள், பையன் பாரதியைத் தேடி வந்திருக்கிறான். அதில் வேடிக்கை என்னவென்றால் விதவைக்கு மறுமணம் செய்து வைக்க வேண்டும் என்று கதை ஆரம்பித்து, நிஜ மனிதர்களான ஜி. சுப்பிரமணிய ஐயரும் வீரேசலிங்கம் பந்துலுவும் கதாபாத்திரங்களாகவே உள்ளே வந்துவிடுவார்கள். இன்றைக்கு யாராவது அப்படி எழுதினால் புது உத்தி என்பார்கள். அவர் 1921-ல் போய்விட்டதால் சந்திரிகை குழந்தையாகவே நின்றுவிட்டாள்.

புத்தகம் கிடைக்கவில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல வேண்டாம். புதுச்சேரியில் ரோமன் ரோலண்ட் நூலகம் இருக்கிறது, 1827-லிருந்து இருக்கிறது. கடலூர்க்காரர்களுக்கு மாவட்ட மைய நூலகம். வாங்குகிறவர்கள் நெய்வேலி புத்தகக் கண்காட்சி வரை பொறுத்தால் கொஞ்சம் தள்ளுபடியும் கிடைக்கும்.

எனக்கு ஒரு உதவி வேண்டும். 1936 ஜூலை 30-ல் புதுச்சேரி மில் தொழிலாளர்கள் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து 12 பேர் செத்தார்கள். எங்கள் தாத்தா மில்லில் வேலை பார்த்தவர், சின்ன வயசில் அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தேன். துய்ப்ளெக்ஸ் காலத்துக்கு இரண்டு பெரிய நாவல் இருக்கிறது. மில் சங்கு ஊதிய காலத்துக்கு நல்ல நாவல் யாருக்காவது தெரிந்தால் பெயர் சொல்லுங்கள், அடுத்த மாதமே எடுக்கிறேன்.


லாஸ்பேட்டை ஓய்வூதியர்:

அந்தத் தொழிலாளர்களின் தலைவர் வ. சுப்பையா பற்றிய கட்டுரைகள் என்னிடம் உண்டு அம்மா, அதெல்லாம் நாவல் இல்லை. விசாரித்துச் சொல்கிறேன்.


கெடிலக்கரை:

சரி, அடுத்த மாதக் கூட்டு வாசிப்புக்குப் போவோம். தனித்தனியாகப் படித்தது போதும், ஒரே நாவலை எல்லோரும் எடுத்தால் சண்டை இன்னும் நன்றாக இருக்கும். நான் முன்வைப்பது இமையத்தின் 'ஆறுமுகம்'. ஆரோவில்லும் புதுச்சேரியும் வருகிற கதை. ஆனால் வெள்ளை நகரத்துச் சுவர், காபிக் கடை, கடற்கரைச் சாலை என்று படம் பிடித்துப் போடுகிற புதுச்சேரி இல்லை அது. அம்மாவை விட்டு ஓடிப்போகிற ஒரு பையன் வழியாகத் தெரிகிற ஊர். மனசு திடமாக இருப்பவர்கள் மட்டும் எடுக்கவும்.


முதுநகர் பாய்:

நான் வருகிறேன். ஆனால் அதற்கடுத்த மாதம் ஏதாவது சிரிக்கிற மாதிரி நாவலாகப் போடுங்கள். ஆறு மாதமாக அழவைத்துக்கொண்டே இருக்கிறீர்கள், கடைக்கு வருகிறவர்கள் எனக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்கிறார்கள்.


இரவுப்பணி:

'ஆறுமுகம்' என்னிடம் ஒரு பிரதி இருக்கிறது. புதுவாசகன் தம்பி புதுச்சேரி பஸ்ஸில்தானே வருகிறான். வேண்டுமென்றால் தனிச்செய்தி அனுப்பட்டும், ஞாயிற்றுக்கிழமை கடலூர் பஸ் நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம். அட்டையை மடக்கக்கூடாது.


புதுவாசகன்:

மடக்க மாட்டேன் அக்கா. சந்திரிகைக்கு முழு மதிப்பெண் உண்டா இல்லையா என்று இன்னும் யாரும் சொல்லவில்லையே?


கெடிலக்கரை:

அரை.